மாஸ்டரின் பகல் தூக்கம்

எங்கள் சந்தில் பகல் வேளையில் தும்முவதற்குக்கூட யோசிக்க வேண்டும். மாஸ்டர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், வாசலில் காவல் இருப்பாள். காய்கறி வண்டிக்காரன் சந்துக்குள் நுழைந்ததுமே வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளுவான். பழைய பேப்பர் எடுக்க வந்த புது ஆள் ஒருவன் விஷயம் தெரியாமல் கூவிவிட்டு அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நாங்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம். அவன் அதற்குப் பிறகு எங்கள் சந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. ரொட்டிக் கடையில் அடுப்பு மாஸ்டர். ஊர் படுக்கிற நேரத்தில் வேலைக்குப் போய் ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர். நான் அதே கடையில் வண்டி ஓட்டுகிறவன். விடிகிற சமயம் போய், அவர் அடுப்பிலிருந்து இறக்கியதையெல்லாம் தட்டுத் தட்டாக ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வருவேன். எங்கள் இரண்டு வீடும் எதிரெதிர் வீடு. அந்த வீட்டில் நடந்ததில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை என் மனைவி சொல்லக் கேட்டேன். அவளுக்குத் தெரியாமல் அந்தச் சந்தில் ஒரு பூனை குட்டி போட முடியாது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளிப்பார். தலைமுடியில், காது மடலில், புருவத்தில் இருக்கிற மாவெல்லாம் போகத் தேய்த்துக் குளிக்க வேண்டும், லேசான வேலை இல்லை. பிறகு சுடுசோறும் முட்டைப் பொரியலும். ரொட்டியை மட்டும் தொட மாட்டார். விடிய விடிய அதன் மூஞ்சியில்தான் முழிக்கிறேன், சாப்பாட்டிலுமா என்பார். அவர் கையைக் கழுவுவதற்குள் அண்ணி படுக்கையறை ஜன்னலில் கனத்த போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். வாசல் மணியின் கம்பியை என்றைக்கோ பிடுங்கியாயிற்று. துணி தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கிறவள், தையல் மிஷின் சத்தம் போடும் என்று அதையும் எங்கள் முன்னறையில் கொண்டுவந்து போட்டுவிட்டாள். கடைசியாக அவருடைய போனை வாங்கி, அணைத்து, அலமாரியில் மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவில் செருகிவிடுவாள். சாயங்காலம் அவர் எழுந்து டீ குடித்த பிறகுதான் அது வெளியே வரும். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற வேலை இது. அவளுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு.

"ராத்திரி தூங்குற மனுசனுக்கு ஊரே காவல் இருக்கு. பகல்ல தூங்குற மனுசனுக்கு நான் ஒருத்திதானே?" என்று என் மனைவியிடம் சொல்வாளாம்.

அந்த மனுசன் ஒருநாள் மாவு பிசைகிற தொட்டிக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தார். உடம்பெல்லாம் மாவு. அடுப்படிப் பையன்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து, கால் வழுக்கிவிட்டது என்று சமாளித்தார். அடுத்த முறை கையில் சூடான தட்டோடு விழுந்தார். முழங்கை வரை வெந்துபோனது. அதற்கு மேல் கால் வழுக்கிய கதை செல்லவில்லை. முதலாளியே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஒயர் ஒயராக ஒட்டிப் பார்த்தார்கள், ஓடவிட்டுப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள். இதயம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்றார்கள். டாக்டர் பொறுமைசாலி. நாம் பார்க்கும்போது அது நல்ல பிள்ளையாக இருக்கிறது, பார்க்காதபோது ஏதோ சேட்டை செய்கிறது, அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றாராம். நெஞ்சில் இடதுபக்கம் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். பேனா மூடியில் பாதிகூட இருக்காது. அது மருந்தும் தராது, இதயத்தைத் தட்டியும் விடாது. துடிப்பைக் கவனித்துக் குறித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். இதயம் இடையில் நின்று நின்று ஓடுவது அதில் தெரிந்தால் உடனே கூப்பிட்டு, இதயத்தை ஓட்டுகிற வேறு கருவி ஒன்றை வைத்துவிடலாம், பிறகு கவலை இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

கூடவே ஒரு பெட்டி கொடுத்தார்கள். பழைய வானொலிப் பெட்டி அளவு. உள்ளே இருக்கிற கருவி குறித்து வைத்ததை வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதன் வேலை. நர்ஸ் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாள். படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள். பச்சை விளக்கு எரிகிறதா பாருங்கள். நீங்கள் தூங்கும்போது அது பாட்டுக்கு வேலை செய்யும். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நீங்கள் எப்போது தூங்குவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எத்தனையோ பேரைப் பார்க்கிறவள், அவளுக்குத் தோன்றியிருக்காது. நான் பகலில்தான் தூங்குவேன் என்று இவரும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கப் பகலில் தூங்கிய மனிதருக்கு அது சொல்ல வேண்டிய செய்தியாகவே படவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். அவள்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, பெட்டியை வைத்து, பிளக்கைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்ததும் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கையில் கட்டு இருந்த அந்தச் சில நாளும் மாஸ்டர் வேலைக்குப் போகவில்லை. இரவில் வீட்டில்தான் படுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, எல்லாம் சரியாக வந்துசேருகிறது, நன்றாக இருக்கிறது என்றார்கள். மகள் நிம்மதியாக ஊருக்குப் போனாள். கட்டு அவிழ்ந்ததும் மாஸ்டர் அடுப்படிக்குத் திரும்பினார்.

அடுப்படியில் அவருக்குப் பெரிய வரவேற்பு. எல்லோரும் நெஞ்சில் கருவி புடைத்திருந்த மேட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். மாஸ்டர் பனியனை இறக்கிக் காட்டினார்.

"உள்ள ஒரு குடித்தனக்காரன் வந்திருக்கான்டா" என்றார். "வாடகையும் தர மாட்டான். வீட்டுக்குள்ள நடக்கிறத எல்லாம் வெளிய போய்ச் சொல்லிடுவான்."

அன்றிலிருந்து அந்தக் கருவிக்குக் குடித்தனக்காரன் என்றே பெயர் ஆகிவிட்டது. முதலாளியைத் திட்ட வேண்டும் என்றால் பையன்கள் மாஸ்டரின் நெஞ்சுக்கு நேரே குனிந்து, குடித்தனக்காரரே, இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்பார்கள். மாஸ்டர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவரை விட்டுப் போயிருந்தது. வலப்பக்கமாகத்தான் படுப்பார். பளுவான மூட்டையை இடது தோளில் ஏற்ற மாட்டார். மற்றபடி பழைய மாஸ்டர்தான்.

பயம் அவரைவிட அண்ணிக்குத்தான் அதிகம் இருந்தது. அவர் விழ ஆரம்பித்ததிலிருந்து அவள் இரவில் சரியாகத் தூங்கியதே இல்லை. அடுப்புக்கு முன்னால் நிற்கிற மனிதர், எந்த நேரம் என்ன ஆகுமோ என்று எழுந்து எழுந்து உட்காருவாள். பெட்டி வந்த பிறகு அவள் முகமே தெளிந்துவிட்டது. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே என் மனைவியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"இப்பதான் நான் தூங்குறேன். முழிப்பு வந்தா தலையத் திருப்பிப் பெட்டியப் பாப்பேன். பச்சையா இருக்கும். சரி, அங்க நல்லா இருக்காருன்னு திரும்பிப் படுத்துக்குவேன்."

அவள் அதை அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள். போனில் எந்த ஊரிலிருந்தும் பேசுகிறோமே, அதுபோல அவர் நெஞ்சு கடையிலிருந்து பெட்டியோடு பேசுகிறது. ஏதாவது ஆனால் விளக்கு சிவப்பாகும், செருப்பைக்கூடப் போடாமல் கடைக்கு ஓடிவிடலாம். மாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார். உண்மையைச் சொன்னால், கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் என் மனைவிக்கும்கூட அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

ரொட்டிக்கு லீவு கிடையாது. எப்போதாவது மாஸ்டருக்கு ஒரு ராத்திரி ஓய்வு கிடைக்கும். அந்த ராத்திரியிலாவது மனிதர் கட்டிலில் படுத்தாரா என்றால் இல்லை. தூக்கம் வராது. புரண்டு புரண்டு படுத்தால் அவள் தூக்கம் கெடும் என்று சமையலறையில் போய் உட்கார்ந்து, மறுநாளைக்குக் கிழங்கை உரித்து வைப்பார், பூண்டை உரித்து வைப்பார், அறுந்த செருப்பைத் தைப்பார். காலையில் அவள் எழுந்து பார்த்தால் சமையல் வேலையில் பாதி முடிந்திருக்கும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று என் மனைவி அதைச் சொல்லி என்னைக் குத்திக்காட்டுவாள்.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் விடியற்காலையில் வண்டியில் தட்டு ஏற்றும்போது மாஸ்டர் புலம்பினார். சாயங்காலம் போனைத் திறந்தால் ஏதோ ஒரே நம்பரிலிருந்து அழைப்பு அழைப்பாக வந்து கிடக்கிறதாம். கடன் வேணுமா, கார்டு வேணுமா என்று கேட்கிற கூட்டமாகத்தான் இருக்கும் என்றேன். அவரும் அதையேதான் நினைத்தார். ஒருமுறை அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டும் பார்த்திருக்கிறார். அலுவலக நேரம் முடிந்தது, காலையில் அழையுங்கள் என்று ஒரு பெண் குரல் சொன்னதாம். காலையில் அவர் தூங்கப் போய்விடுவார்.

அந்தக் கடைசி நாள் காலை நல்ல மழை. கடை வாசலில் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினேன். ரொட்டி நனையக் கூடாது. மாஸ்டர் உள்ளிருந்து தட்டு எடுத்துத் தருவதும் நான் வாங்கி அடுக்குவதுமாக இருந்தோம். பன் தட்டு ஒன்றை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் விடவில்லை. விடுங்கண்ணே என்றேன். என்னைப் பார்த்தார், ஆனால் பார்வை என் மேல் இல்லை. பிறகு தட்டை விட்டார். தட்டோடு நானும் பின்னால் போனேன். நான் நிமிர்வதற்குள் அவர் படியில் விழுந்து கிடந்தார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. தட்டுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு வண்டிக்குள்ளேயே படுக்கவைத்தோம். அடுப்படிப் பையன் ஒருவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் ஓட்டிய ஓட்டத்தில் பன்கள் சரிந்து அவர்கள் மேலெல்லாம் விழுந்தன. வண்டி முழுக்கப் புது ரொட்டி வாசம். இரண்டாவது சிக்னலைத் தாண்டுவதற்கு முன்பே பின்னாலிருந்து பையன் அழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது.

அண்ணியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் வருகிற நேரம் என்று அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டுப் போர்வையும் கையுமாக ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"இல்லையே தம்பி, பச்சையாத்தானே இருக்கு?" என்றாள்.

மறுபடியும் சொன்னேன். அப்போதும் அவள் நம்பவில்லை. சரியாகப் பார்த்தீர்களா, மயக்கமாக இருக்கும், முன்னாலும் இப்படித்தான் விழுந்தார் என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். என் மனைவி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள். பெற்ற தாயைப் பறிகொடுத்த நாளில்கூட நான் அப்படி அழுததில்லை.

எல்லாம் முடிந்தது. துக்கத்துக்கு வந்த மகள் ஊருக்குத் திரும்பாமல் அம்மாவோடேயே இருந்தாள். பகலில் சந்தில் யார் கத்தினாலும் அண்ணி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் காய்கறி வண்டிக்காரன் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டேதான் போனான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒரே பேச்சைத்தான் பேசினாள். ஒரு நாள்கூடப் பிளக்கைப் பிடுங்கவில்லை, துடைக்கும்போதுகூட நகர்த்தவில்லை, கருவி கவனித்துக்கொண்டுதான் இருந்தது, விதி அதையும் மீறி வந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் எழுந்து நடமாடினாள்.

பெட்டியைத் திருப்பித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். மகள் தான் மட்டும் போய்வருவதாகச் சொன்னாள். அண்ணி கேட்கவில்லை. பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். மகளும் கூட ஏறினாள். அன்றைக்கும் மழை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டிகளைக் கவனிக்கிற பிரிவில் இருந்த பெண்ணுக்கு மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கருவிகளிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறவள் அவள். எழுந்து நின்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். வருத்தம் சொன்னாள். ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, பெட்டிய எங்க வச்சிருந்தீங்க? ராத்திரி அவர் இதுக்குப் பக்கத்துலதானே படுப்பார்?"

"ராத்திரி அவர் எங்கம்மா படுக்கிறார்?" என்றாள் அண்ணி. சாதாரணமாகத்தான் சொன்னாள். "கடைக்குப் போயிடுவார். பகல்லதான் தூக்கம். ராத்திரி நான் படுத்திருப்பேன். விளக்கப் பாத்துக்கிட்டேதான் இருப்பேன். ஒரு நாள்கூட அணைஞ்சதில்ல."

அந்தப் பெண் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தாள். "அந்த விளக்கு வந்தும்மா... கரண்ட் வருதுன்னு காட்டுறது. அவ்வளவுதான். ராத்திரியில பெட்டிக்குப் பக்கத்துல ஆள் இருந்தாத்தான் அது வாங்கி அனுப்பும். பகல்ல வாங்காது, அப்படித்தான் இதை வச்சிருக்கோம். ஆரம்பத்துல சில நாள் வந்துச்சு. அப்புறம் வரவே இல்ல. நாங்க கூப்பிட்டோமே. எத்தனையோ வாட்டி கூப்பிட்டோம், பகல்ல. போன் அணைச்சே இருந்துச்சு."

அண்ணி தன் மடியில் கிடந்த வெறும் துணியை நான்காக மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம், அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரவையுங்கள் அண்ணா என்றாள். நான் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்து வராந்தாப் பெஞ்சில் உட்காரவைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மகள் உள்ளேயே நின்றாள். கதவு முழுக்க மூடவில்லை. உள்ளே பேசியது பெஞ்சு வரைக்கும் கேட்டது. நெஞ்சில் இருந்த கருவியை ஆஸ்பத்திரியிலேயே பிறகு படித்துப் பார்த்தார்களாம். அவர் விழுந்த நாளுக்கு வெகு முன்பிருந்தே இதயம் விட்டு விட்டு நின்றிருக்கிறதாம். கருவி ஒன்றைக்கூட விடாமல் குறித்திருக்கிறதாம். வந்து சேர்ந்திருந்தால் அந்த வாரமே கூப்பிட்டு வேறு கருவி வைத்திருப்போம் என்று அந்தப் பெண் சொன்னாள். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் என்று மகள் சொன்னதும் கேட்டது. நான் அண்ணி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது மகள் நடுவிலும் அண்ணி ஜன்னல் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைத்தெருவைத் தாண்டினோம்.

"உன்ன மட்டும் வச்சு என்ன சொன்னாங்க?" என்றாள் அண்ணி.

மகள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணுமில்லம்மா. அந்தப் பொண்ணு முதல்ல தப்பாப் பாத்துட்டாளாம். வேற யாரோடதோ. நம்ம பெட்டி நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. அப்பாவோடது எல்லாம் அவங்களுக்கு ஒழுங்காப் போயிருக்கு. இது திடீர்னு வந்ததாம். யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு சொன்னாங்க."

அண்ணி ஜன்னலிலிருந்து திரும்பி மகளைப் பார்த்தாள்.

"நீ சின்னப் பிள்ளைல இருந்தே சரியாப் பொய் சொல்ல மாட்ட" என்றாள். பிறகு மகளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பரவால்ல. இன்னொரு வாட்டி சொல்லு."

மகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடித்ததும் அண்ணி, இன்னொரு வாட்டி என்றாள். சந்து வந்து, வண்டியை நிறுத்தி, நான் இறங்கிக் கதவைத் திறந்துவிட்ட பிறகும் அவர்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை. மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.